போடாத வாக்கு

வாக்கெடுப்பு புதன்கிழமை நடந்தது. வியாழக்கிழமை காலையில், துனிஸ் நாடாளுமன்றத்தைக் கண்காணிக்கும் இளைஞர்களின் இணையதளத்தில், முனீராவின் பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி விழுந்திருந்தது. பச்சை என்றால் சம்மதம். அரசுப் பண்ணை நிலங்களை நாற்பது வருடக் குத்தகைக்குக் கம்பெனிகளிடம் விடுகிற சட்டத்துக்கு, கெஃப் தொகுதி உறுப்பினர் முனீரா சம்மதம் கொடுத்திருக்கிறார்.

முனீரா கொடுக்கவில்லை. மணி அடித்தபோது அவள் அவையிலேயே இல்லை.

ஒவ்வொரு உறுப்பினரின் மேசையிலும் ஒரு பிளவு உண்டு. அதில் அட்டையைச் செருகினால்தான் பச்சை, சிவப்பு, மஞ்சள் என்ற மூன்று பொத்தான்களும் உயிர் பெறும். வெளியே போகிறவர்கள் அட்டையை உருவிக்கொண்டு போக வேண்டும். முனீரா உருவவில்லை. அவசரத்தில் மறந்தாளா, சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று விட்டாளா என்பது அவளுக்கே தெரியவில்லை. பக்கத்து இருக்கையில் நாபுலைச் சேர்ந்த தவ்ஃபீக். கை தாராளமானவர். பையில் எப்போதும் பாதாம் வைத்திருந்து அக்கம்பக்கம் கொடுத்துக்கொண்டே இருப்பவர்.

"நீ எங்கேயோ மாட்டிக்கிட்டன்னு நினைச்சேன் முனீரா" என்றார் வியாழக்கிழமை, தாழ்வாரத்தில் அவள் அவரைப் பிடித்தபோது. "மணி அடிச்சுட்டான். உன் கார்டு பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது. வரலைன்னு பேப்பர்ல வந்தா ஊர்ல உன் மானம் என்னாகிறது? அதான் ஒரு அமுக்கு அமுக்கிட்டேன்."

"பச்சையையா?"

"நம்ம கட்சி பச்சைதானே? பக்கத்து சீட்டுக்காரிக்கு இதுகூடச் செய்யலைன்னா நான் என்ன மனுஷன்?"

அவர் முகத்தில் துளி வஞ்சகம் இல்லை. பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் துணியை மழைக்கு முன்னால் எடுத்து வைத்தவரின் முகம் அது. முனீராவுக்குத் திட்டக்கூட வாய் வரவில்லை. ரேடியோவில், சந்தையில், களையெடுக்கும் பெண்கள் நடுவில் என்று, இந்தச் சட்டத்தை எதிர்ப்பேன் என அவள் சொல்லாத இடம் இல்லை. அதை அவள் எடுத்துச் சொன்னதும் தவ்ஃபீக்கே பதறிப்போய் ஒரு வழி சொன்னார்.

"என் மச்சான் டாக்டர். புதன்கிழமை உனக்கு பிரஷர் ஏறிடுச்சு. நீ வெளியே ஓடின. நான் தெரியாம அமுக்கிட்டேன். நீயும் சுத்தம், நானும் சுத்தம்."

சாயங்காலமே மருத்துவச் சான்றிதழ் உறையில் வந்துவிட்டது. முத்திரை, கையெழுத்து, தேதி எல்லாம் சரியாக இருந்தன.

திங்கட்கிழமை, உறுப்பினர்கள் அவரவர் தொகுதிக்குப் போகும் வாரம் தொடங்கியது. துனிஸிலிருந்து கெஃப் போகும், ஆள் நிறைந்தால் கிளம்பும் லுவாஜ் வேனில் முனீரா ஏறினாள். கைப்பைக்குள் உறை. நான்கு நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அரசுப் பண்ணையில் கூலி வேலை செய்யும் பெண்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரச் சொல்லியிருந்தார்கள். சொன்னது மப்ரூக்கா. தேர்தலின்போது முனீராவுக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவள். எப்போதும் ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டுத்தான் போனை வைப்பாள். இந்த முறை "பன்னிரண்டரைக்கு வாங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

எட்டுப் பேர் நிறைந்ததும் டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டான்.

"அட, மதாம் முனீரா! என் வண்டியையும் நாற்பது வருஷத்துக்குக் குத்தகைக்கு எடுத்துக்கிறீங்களா? டயர் மட்டும் புதுசா போட்டுக் கொடுங்க."

வண்டியே சிரித்தது. மடியில் கோழிக்கூண்டு வைத்திருந்தவர், "சும்மா இருப்பா, பாவம்" என்றார். "மேல இருக்கிறவன் நூலை இழுத்தா இவங்க கையைத் தூக்கணும். அவங்க மட்டும் என்ன பண்ணுவாங்க?"

கேலி வலிக்கவில்லை. அந்தப் 'பாவம்' வலித்தது. முனீரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே கோதுமை முழங்கால் உயரத்துக்கு நின்றது.

நான் பச்சையை அமுக்கவில்லை என்று இங்கேயே சொல்லிவிடலாம். பொய் இல்லை. ஆனால் அடுத்த கேள்வி வரும். ஏன் வெளியே போனீர்கள்?

கட்சிக் குழுத் தலைவர் புதன்கிழமை காலையில் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். "சிவப்பு வேண்டாம் முனீரா. உன்னால பச்சை முடியலைன்னா, போய் ஒரு காபி குடிச்சிட்டு வா." அவ்வளவுதான் சொன்னார். மிரட்டவில்லை. பதவி தருகிறேன் என்றும் சொல்லவில்லை. நான்கு நாட்களாக அவள் தனக்குள் துழாவித் துழாவித் தேடியது ஒரு பெரிய காரணத்தை. ஊருக்கு வரவேண்டிய ஆஸ்பத்திரி, கட்சியின் ஒற்றுமை, எப்படியும் நிறைவேறப்போகிற சட்டம் என்று எதை எடுத்தாலும் கையில் நிற்கவில்லை. கடைசியில் மிஞ்சியது குழுத் தலைவரின் புருவம். அந்தப் புருவம் தன்னைப் பார்த்து உயர்வதை அவள் விரும்பவில்லை. இருபது வருடம் பெண்கள் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள், தன் புருவத்தாலேயே வகுப்பை அடக்கியவள், அந்த அற்ப விஷயத்துக்காக எழுந்து போயிருக்கிறாள்.

நாடாளுமன்ற உணவகத்தில் "சர்க்கரை எத்தனை?" என்று கேட்டபோது, சர்க்கரையே போடாதவள் "ரெண்டு" என்றாள். கலக்கிக்கொண்டே நிற்கலாம் அல்லவா? தலைக்கு மேலே தொலைக்காட்சியில் அவை ஓடிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல். அவள் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பண்ணைக்குள் போகும் மண்பாதையின் முனையில் மப்ரூக்கா நின்றிருந்தாள். ஐம்பது வயது இருக்கும். தலைத்துணிக்கு மேல் வைக்கோல் தொப்பி, காலில் ரப்பர் பூட்ஸ். திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தாள். விதைக் கிடங்குக்குள் முப்பது பெண்கள் ரொட்டி மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். முனீரா நுழைந்ததும் கைகள் நின்றன.

"உக்காருங்க மதாம்" என்றாள் மப்ரூக்கா. "மூட்டை மேலதான். கம்பெனிக்காரன் வந்து இன்னும் நாற்காலி போடல."

யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். முனீரா உட்காரவில்லை.

"நான் பச்சையை அமுக்கல."

"பின்ன? ஜின்னு வந்து அமுக்கிச்சா?"

"பக்கத்து சீட்டுக்காரர் அமுக்கினார். எனக்கு நல்லது செய்யறதா நினைச்சுக்கிட்டு. நான் கார்டை விட்டுட்டு வெளியே போயிட்டேன்."

"வெளியேன்னா எங்க?"

முனீராவின் விரல்கள் பைக்குள் இருந்தன. உறையின் ஓரம் நகத்தில் தட்டியது. எடுத்துக் காட்டினால் போதும். இந்தப் பெண்கள் உடனே இரங்கிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஒருத்தி தண்ணீர் கொடுப்பாள், ஒருத்தி உப்பைக் குறைக்கச் சொல்லுவாள், இன்னொருத்தி வீட்டுக்குப் போகும்போது மூலிகைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பாள். அந்தப் பொட்டலத்தைக் கையில் வாங்குகிற தன்னை ஒரு கணம் பார்த்தாள். பார்க்க முடியவில்லை.

"காபி குடிக்க" என்றாள்.

ஒருத்தி கையிலிருந்த ரொட்டியைத் திரும்ப மூட்டையில் வைத்தாள்.

"சிவப்பை அமுக்க பயமா இருந்துச்சு. பச்சையை அமுக்க வெட்கமா இருந்துச்சு. அதனால காபி குடிக்கப் போனேன்."

பின்வரிசையிலிருந்து ஹனான் என்ற இளம்பெண் கேட்டாள். "மஞ்சப் பொத்தான்னு ஒண்ணு இருக்காமே?"

"இருக்கு. நடுநிலைன்னு அர்த்தம். அதுவும் பேப்பர்ல வரும். காபி வராதுன்னு நினைச்சேன்."

"காபி வராதுன்னு நினைச்சாங்களாம்!" என்று ஒருத்தி தொடையில் தட்டினாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பா கெட்ட சிரிப்பா என்று முனீராவால் பிரிக்க முடியவில்லை. மப்ரூக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"என் பொண்ணு வஃபா உங்க வகுப்புல படிச்சா. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"ஆலிவ் பறிக்கக் கூட்டிக்கிட்டுப் போய் ஒன்பது நாள் பள்ளிக்கூடம் அனுப்பல. டாக்டர் சீட்டு இல்லாம உள்ள விடமாட்டாங்கன்னு, ஒருத்தர் கையைக் காலைப் பிடிச்சு, காய்ச்சல்னு எழுதி வாங்கிக்கிட்டு வந்தேன். நீங்க அதைப் படிச்சுட்டு என் கையிலயே திருப்பிக் கொடுத்தீங்க. ஆலிவ் பறிச்சான்னு எழுதிக் கொடு, சேர்த்துக்கறேன், காய்ச்சல்னு எழுதினா சேர்க்கமாட்டேன்னு சொன்னீங்க. எனக்கு எங்க எழுதத் தெரியும்? அவளையே எழுத வச்சு என் கட்டைவிரலை வச்சேன்."

முனீராவுக்கு வஃபாவின் முகம் ஞாபகம் இருந்தது. சீட்டைத் திருப்பிக் கொடுத்தது சுத்தமாக ஞாபகம் இல்லை. அப்படி எத்தனையோ சீட்டுகள். அந்த மதாம் யாரோ ஒருத்தி, தன்னைவிட நிமிர்ந்தவள் என்று தோன்றியது.

"அன்னைக்கு உங்க மேல வந்த ஆத்திரம் இருக்கே! ஆனா அன்னைலேர்ந்துதான் நம்பினேன். உங்க மேடைப் பேச்சைக் கேட்டு இல்ல" என்ற மப்ரூக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டே வந்தாள். "இப்ப சொல்லுங்க. நீங்க டாக்டர் சீட்டு வாங்கி வச்சிருக்கீங்களா?"

கேலியாகத்தான் கேட்டாள். முனீரா உறையை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

கிடங்கே கூச்சலானது. மப்ரூக்கா வாயைப் பிளந்தபடி அதைப் பின்னால் அனுப்பினாள். ஹனான் எழுந்து நின்று, செய்தி வாசிப்பவள் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள். "இரத்த அழுத்தம் நூற்றெண்பது. முழு ஓய்வு தேவை."

"நூற்றெண்பதுதானா? எங்க வீட்டுக்காரன் செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்கு இருநூறு!"

"முழு ஓய்வாம்டி! அந்த டாக்டர் எங்க இருக்கான்னு கேளு, முப்பது பேரும் போவோம்!"

இப்போது மப்ரூக்காவும் சிரித்தாள். பூட்ஸ் கால்களை நீட்டி மூட்டையில் சாய்ந்து, கண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்குக் கோபம் போகல" என்றாள். "சட்டம் வந்துடுச்சு. நாளைக்கு எவன் வந்து எங்களை வெளியே போன்னு சொல்லுவானோ தெரியாது. ஆனா நாலு நாளா எங்களை வித்துட்டீங்கன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். யாரைப் பார்த்தாலும் தலை நிமிர முடியல. விக்கலையே? பயந்துட்டீங்க."

"பயந்துட்டேன்."

"அப்பாடா" என்றாள் மப்ரூக்கா. அந்தச் சொல் முனீராவின் நெஞ்சிலிருந்தே கிளம்பி வந்த மாதிரி இருந்தது. அவள் மூட்டையில் உட்கார்ந்தாள்.

அந்த இணையதளத்துப் பெண்ணை அங்கிருந்தே கூப்பிட்டாள். எல்லோரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டாள். இனெஸ் என்ற அந்தப் பெண்ணின் குரலில் சலிப்பு இருந்தது.

"பச்சையைச் சிவப்பா மாத்தணுமா மதாம்? இதோட மூணு பேர் கூப்பிட்டுட்டாங்க. எல்லாருக்கும் விரல் வழுக்கிடுச்சாம்."

"சிவப்பு வேண்டாம்மா. சாம்பல் புள்ளி போடணும். நான் அங்க இல்ல."

இனெஸின் குரலில் சலிப்பு காணாமல் போனது. "வராதவங்கன்னா போடச் சொல்றீங்க? இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்லையே."

பக்கத்திலிருந்தவள் முனீராவின் முழங்கையை இடித்தாள். "சிவப்புன்னே சொல்லிடுங்க மதாம். எங்களுக்கும் பெருமைதானே? யாருக்குத் தெரியப்போகுது?"

ஒரு கணம் அந்தச் சிவப்பு முனீராவுக்குத் தித்தித்தது. எத்தனை அழகாக இருக்கும் அந்த வரிசையில்!

"எனக்குத் தெரியுமே" என்றாள்.

எழுத்தில் கொடுத்தால்தான் மாற்ற முடியும், பொத்தானை அமுக்கியவரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றாள் இனெஸ். தவ்ஃபீக்கைக் கூப்பிட்டபோது முதலில் ஐயோ என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி விடு, நானும் கையெழுத்துப் போடறேன்" என்றார். "நாலு நாளா என் பொண்டாட்டி, அடுத்தவ பொத்தான்ல உனக்கென்ன வேலைன்னு பிடுங்கி எடுக்கறா. இனியாவது சோறு போடுவா."

கடிதத்தை ஹனான் எழுதினாள். டாக்டர் சீட்டின் பின்பக்கம்தான் கைக்குக் கிடைத்த வெள்ளைத் தாள். முனீரா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தவள், பாதியில் நிமிர்ந்தாள்.

"வெளியே போன காரணம்னு ஒரு வரி வருது மதாம். பயம்னு எழுதட்டுமா?"

முப்பது பேரும் பார்த்தார்கள். ஆளுக்கொரு யோசனை கிளம்பியது. தயக்கம்னு போடு. மனக்குழப்பம்னு போட்டா மரியாதையா இருக்கும். சொந்தக் காரணம்னு போட்டா யாரும் கேக்கமாட்டாங்க.

"பயம்னே எழுது" என்றாள் முனீரா. "எழுத்தைக் கொஞ்சம் பெரிசாக்கு, ஒண்ணோட ஒண்ணு இடிக்குது."

வெளியே மேற்பார்வையாளரின் விசில் கேட்டது. பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்கள். பண்ணைகளைக் குத்தகைக்கு விடுமுன் ஊரில் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்க வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே ஒரு வரி இருப்பதை முனீரா சொன்னாள். "அப்போ அந்தக் கூட்டத்தை இந்தக் கிடங்குலயே வைக்கணும்" என்றாள் மப்ரூக்கா. கேட்டுக்கொள்ளவில்லை, உத்தரவு போட்டாள். மண் அடுப்பில் சுட்ட தபூனா ரொட்டியில் பாதியைப் பிய்த்து, எண்ணெயில் நனைத்து, ஹரிஸ்ஸா மிளகாய் விழுது தடவி முனீராவின் கையில் திணித்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

முனீரா சாலையை நோக்கித் தனியாக நடந்தாள். பசி குடலைப் பிடுங்கியது. கெஃப்பில் பாதி வீடுகளில் அவளிடம் படித்த பெண்கள் இருக்கிறார்கள். தெருவில் நின்று தின்னக் கூடாது என்று அவர்களை அதட்டியவள் அவள். இப்போது நடந்துகொண்டே ரொட்டியைக் கடித்தாள். எண்ணெய் மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் இறங்கியது. எதிரே வந்த டிராக்டர்க்காரன் சலாம் வைத்தான். வாய் நிறைய ரொட்டியோடு அவளும் கையைத் தூக்கினாள்.