மேலாளர் வைத்த குதிரை

சதுரங்கப் போட்டியில் மேலாளர் குதிரையை வைத்த இடத்தில் எதிராளியின் ராஜாவும் ராணியும் ஒருசேர மாட்டிக்கொண்டன. எதிரே இருந்த பல் டாக்டர் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பலகைக்குப் பக்கத்தில் இருவரின் நேரத்தையும் தனித்தனியே காட்டும் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லா யோசிங்க டாக்டர், அவசரமே இல்ல" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு மேலாளர் எழுந்தார். ஆடும்போது பேசக் கூடாது என்பது விதி. விதியெல்லாம் அவரைப் பொறுத்தவரை கீழே வேலை பார்ப்பவர்களுக்கு. அலுவலகத்தில் அவர் கையெழுத்துப் போட்டால் போதும், பேனாவை மூடி வைக்கக்கூட ஆள் உண்டு.

வெளியே மச்சினன் தேநீரோடு காத்திருந்தான்.

"பல்லு புடுங்கற ஆளுக்கே பல்லைப் புடுங்கிட்டேன்டா!"

"உங்ககிட்ட மோதலாமா மாமா?"

மேலாளர் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். டாக்டர் அசையவே இல்லை. 'பாவம், வீட்டில் என்ன சொல்லுவாரோ' என்று இரக்கப்பட்டு இன்னொரு தேநீர் வாங்கிக் குடித்தார். சாவகாசமாக அவர் திரும்பியபோது மேசையருகே நடுவர் நின்றிருந்தார்.

"என்ன, தோல்விய ஒத்துக்கிட்டாரா?"

"இல்ல சார். தோத்தது நீங்க. உங்க நேரம் முடிஞ்சிருச்சு."

"நான்தான் எப்பவோ ஆடிட்டேனே!"

"குதிரைய வச்சீங்க. கடிகாரத்தை அழுத்தலியே. அழுத்தினாத்தானே அவர் நேரம் ஓடும்? இவ்வளவு நேரமும் ஓடினது உங்களுது."

மேலாளர் டாக்டர் பக்கம் பாய்ந்தார். "பார்த்துக்கிட்டேதானே இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

டாக்டர் கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

"நீங்கதானே சார் அவசரமே இல்லன்னு சொன்னீங்க."