கை நனைத்த நாள்

பெரியம்மாளுக்கு ஒரு காலத்தில் என் கையால் சோறு போட்டேன். பத்து வருடம் ஆகிறது, இன்னும் வயிறு எரிகிறது.

எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பி குடிப்பார்கள், மிக்சர் கொறிப்பார்கள். இலையில் உட்கார மாட்டார்கள். உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம். மற்றதெல்லாம் அப்புறம் ஊருக்காகச் செய்வது. பெரியம்மாள் தன் மகன் அருண்குமாருக்கு என் மகள் தேன்மொழியைப் பார்க்க மொரப்பூரிலிருந்து இண்டூருக்கு வந்தாள். போட்ட இலையில் உட்கார்ந்தாள். கத்தரிக்காய்க் குழம்பு, ரசம், சாமைப் பாயசம் எல்லாம் சாப்பிட்டாள். பத்தாம் நாள் போன் செய்தாள். "ஜாதகம் ஒத்து வரலீங்க." அடுத்த மாதமே அருண்குமாருக்குப் பெங்களூரில் கல்யாணம்.

கை நனைத்த பிறகு வேண்டாம் என்றால், பெண்ணிடம் ஏதோ இருக்கிறது என்றுதான் ஊர் பேசும். பேசியது. ஆறு வருடம் எங்கள் வாசலை ஒருவரும் மிதிக்கவில்லை. கடைசியில் தேன்மொழி ஓசூரில் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகப் போனாள். தாலி கட்டும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அப்படிச் செய்த பெரியம்மாள் போன மாதம் எனக்கே போன் செய்கிறாள். பாண்டிச்சேரியில் கம்பெனி வேலையில் இருக்கும் என் மகன் பூவரசனுக்குத் தன் மகள் கலைமதியைக் கொடுக்க வேண்டுமாம். பெண்ணுக்கு இருபத்தேழு வயது, வந்த வரன்கள் எல்லாம் தட்டிப் போய்விட்டன.

"பழச மனசுல வெச்சுக்காதீங்க அண்ணி. ஒரு நாளு பாண்டிச்சேரி போயி சாவகாசமா சுத்திப் பாத்துட்டு வரலாம். பசங்களும் பேசிக்கட்டும். மத்தியான சோறு நான் வூட்டுலருந்தே எடுத்தாறேன். ஓட்டல் சோறு கை நனைச்சதுல சேராதில்லீங்களா?"

அவள் பேசி முடிப்பதற்குள் நான் சரி என்றுவிட்டேன். சாப்பிடுவேன். வயிறு முட்டச் சாப்பிடுவேன். பத்தாம் நாள் அதே போன், அதே வார்த்தை. அன்று இரவு பத்து வருடத்தில் முதல் முறையாக நன்றாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நான் வாடகைக் காரில் கிளம்பினேன். வழியில் மொரப்பூரில் அம்மாவும் மகளும் ஏறிக்கொண்டார்கள். பெரியம்மாளின் மடியில் நாலடுக்கு கேரியர். திருவண்ணாமலை தாண்டும்வரை அதைக் கீழே வைக்கவில்லை.

பூவரசன் தாவரவியல் பூங்கா வாசலில் நின்றிருந்தான். சட்டையை இஸ்திரி போட்டிருந்தான். அவன் அதைச் செய்து நான் பார்த்ததே இல்லை.

அந்த ஊர் அழகாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. நான் வந்த வேலைக்கு அவ்வளவு நிழலும் பூவும் தேவையில்லை. நம் ஊரில் இந்த வெயிலுக்கு மாமரமே இலையைச் சுருட்டிக்கொள்ளும். இங்கே நாலு பேர் கை கோத்தாலும் பிடிபடாத மரங்கள் சும்மா நிற்கின்றன. யாரும் காய் பறிக்கவில்லை, விறகு ஒடிக்கவில்லை. ஜனங்கள் புல்லில் படுத்துக் கிடக்கிறார்கள். பெரியம்மாள் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று பேர் கேட்டாள். கலைமதி பலகையைப் படித்துச் சொன்னாள். முட்டி வலிக்கிறது என்று பெரியம்மாள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் சிரித்துக்கொண்டே நடந்தேன். பிடித்துக்கொள்ளடி, இன்னும் பத்து நாள்தான்.

பூவரசனும் கலைமதியும் கொஞ்சம் முன்னால் போனார்கள். அவள் ஏதோ சொன்னாள். அவன் நின்று, இடுப்பில் கை வைத்து, வாய்விட்டுச் சிரித்தான். அக்கா கல்யாணத்துக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தேன்.

மத்தியானம் புல்லில் ஜமக்காளம் விரித்தார்கள். பெரியம்மாள் இலையைத் துடைத்து என் முன்னால் போட்டாள். கேரியரின் கடைசி அடுக்கைத் திறந்ததும் ஏலக்காய் வாசனை வந்தது. சாமைப் பாயசம்! எந்தத் தைரியத்தில் செய்தாள்? நீட்டிய கையை மடக்காமல் சாப்பிட்டேன். பாயசத்தை இரண்டாவது தடவை கேட்டு வாங்கினேன்.

பெரியம்மாள் கையைக்கூடக் கழுவாமல் மொரப்பூருக்குப் போன் போட்டாள். "கை நனைச்சுட்டாங்க! ஆமாங்கறேன், எங்கண்ணி வயிறு நெறயச் சாப்புட்டாங்க. எல்லாருக்கும் சொல்லிருங்க."

சொல்லட்டும். எவ்வளவு பேருக்குச் சொல்கிறாளோ அவ்வளவுக்கு நல்லது.

மஞ்சள் சுவர்த் தெருக்களில் காகிதப்பூக்களைப் பார்த்துக்கொண்டே நடந்து, வெயில் தாழ்ந்ததும் கடற்கரைக்குப் போனோம். அந்த நேரத்தில் அந்த ரோட்டில் வண்டிகளை விடுவதில்லை. பெரியம்மாள் கடலைப் பார்க்கச் சுவரில் உட்கார்ந்துகொண்டாள். பூவரசன் வேர்க்கடலை வாங்கப் போனான். கலைமதி என்னிடம் வந்தாள்.

"அத்தை, ஒண்ணு சொல்லணுங்க. அன்னைக்கு உங்க வூட்டுக்கு நானும் வந்திருந்தேன். எங்கண்ணனுக்கு அந்தப் பெங்களூர்ப் பொண்ண அதுக்கு முன்னாடியே பேசி முடிச்சாச்சுங்க. அம்மாவுக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா எலையில உக்காந்தா?"

"பொண்ணு பாக்க வரோம்னு அப்பா உங்களுக்கு வாக்குக் குடுத்துட்டாரேன்னு, சும்மா வந்துட்டுப் போயிரலாம்னு வந்தாங்க. நீங்க எல போட்டுட்டீங்க. வேணாம்னு எந்திரிக்கத் தைரியம் வரல. ஜாதகமெல்லாம் பொய்யிங்க. உங்க வூட்டுக்கு வரப்போறவ இத மறைச்சு வெச்சுட்டு வரக் கூடாதில்லீங்களா?"

பத்து வருடத்தில் அந்த வீட்டிலிருந்து எனக்கு உண்மை சொன்னது இவள் ஒருத்திதான். சொன்னால் கல்யாணம் நின்றாலும் நிற்கும் என்று தெரிந்தே சொல்கிறாள். இவளையா நான் பத்து நாள் காக்க வைத்து அறையப் போகிறேன்? இவள் எனக்கு வேண்டும், என் மகனுக்கு வேண்டும். ஆனால் அந்தக் கிழவி? தெரிந்தே என் சோற்றைத் தின்றிருக்கிறாள். நேராக அவளிடம் போனேன்.

"அண்ணி, உங்க பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு. ஆவணியில கல்யாணத்த வெச்சுக்கலாம்."

அவள் முகம் மலர்ந்தது. மலரட்டும் என்று கொஞ்சம் விட்டேன்.

"ஆனா ஒண்ணு. வளைகாப்புக்கு வாங்க, பேரப்புள்ளையப் பாக்க வாங்க. என் வூட்டுல உங்களுக்கு ஒரு வாய் சோறு கெடையாது. தண்ணியும் கெடையாது. காஞ்ச கையோட வந்து காஞ்ச கையோட போவணும். நீங்க சாவற வரைக்கும்."

பெரியம்மாள் ஏன் என்று கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று வழிந்தது.

"சரிங்க. எம் பொண்ணு நல்லா இருந்தாப் போதும்."

இனித்தது. பொய் சொல்லமாட்டேன், அந்தப் பாயசத்தைவிட இனித்தது.

கலைமதி என் பின்னாலேயே வந்திருக்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். காலிக் கேரியரை எடுத்துக்கொண்டாள்.

"எந்திரிம்மா," என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அம்மா பண்ணுனது தப்புத்தாங்க அத்தை. நீங்க நாலு பேருக்கு நடுவுல திட்டியிருந்தாலும் நான் குறுக்க வந்திருக்க மாட்டேன். ஆனா எங்கம்மா பட்டினியா நிக்கற வூட்டுல எனக்கு எப்படிங்க சோறு எறங்கும்? வேணாங்க."

"சின்னப் பொண்ணு ஏதோ பேசுறா," என்று பெரியம்மாள் என் கையைப் பிடிக்க வந்தாள். கலைமதி அவளைத் தூக்கி நிறுத்திக் கூட்டிக்கொண்டு போனாள்.

பூவரசன் கடலைப் பொட்டலங்களோடு நின்றான். எவ்வளவு கேட்டானோ தெரியவில்லை. பொட்டலங்களை என் கையில் வைத்தான். "அவங்கள பஸ் ஏத்தி உட்டுட்டு வரேன்." அம்மா என்று சொல்லவில்லை.

நான் அந்தச் சுவரிலேயே உட்கார்ந்தேன். செல்போன் அடித்தது. தேன்மொழி. ஓசூரிலிருந்து அவளாகக் கூப்பிடுவது அபூர்வம்.

"அம்மா, கை நனைச்சுட்டியாமே! மொரப்பூருல இருக்கற நம்ம சித்தி இப்பத்தான் போன்ல சொன்னாங்க." அவள் குரலில் அழுகையா சிரிப்பா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. "நீ பழி வாங்கத்தான் போறியோன்னு காலையிலருந்து பயந்துட்டே இருந்தேம்மா. கை நனைச்ச பின்னாடி வேணாம்னு ஆவுறது என்னன்னு எனக்குத்தான் தெரியும். அந்தப் பொண்ணுக்கு அது வேணாம்மா. நீ நல்லா இருப்ப."

மொரப்பூர் முழுக்க இந்நேரம் தெரிந்திருக்கும். கல்யாணம் நின்றது என்று நாளைக்குத் தெரியும். வேண்டாம் என்றது யார் என்று எவரும் கேட்கப் போவதில்லை. பெண்ணிடம் ஏதோ இருக்கிறது என்பார்கள்.

"சொல்லும்மா," என்றாள் தேன்மொழி. "கல்யாணம் எப்போ?"