புளி போட்டு மினுக்கிய துவக்கு

வீடுகளைக் காலிசெய்து கொடுக்கும் பத்மநாதனுக்கு லண்டன் எட்மண்டனில் ஒரு வீட்டுப் பரணில் அந்த நீளத் துவக்கு கிடைத்தது. நூற்றெண்பது வருடப் பழைய அமெரிக்கத் துப்பாக்கி, செப்புத் தொப்பியைத் தட்டி வெடிக்கவைக்கும் ரகம் என்று மூன்று வீடியோ பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். நான்காவது வீடியோ எதற்கு? அதற்குள்தான் நிபுணர் ஆகிவிட்டாரே!

“இந்த ஊத்தையோடயே ஏலக் கம்பனிக்குக் கொண்டுபோகப் போறியள்? வெள்ளைக்காரர் எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?” என்றார் மனைவி சிவகௌரி.

விருந்தாளி வருகிறார் என்றால் சோபாவையே குளிப்பாட்டுகிற வீடு அது. துவக்கை மட்டும் விடுவார்களா? பித்தளைக்குப் புளி போட்டார்கள். இரும்புக் குழலைப் பத்மநாதன் மெஷின் வைத்துத் தேய்த்தார். அதன்மேல் யாரோ கிறுக்கியிருந்த எழுத்துகளையும் சுத்தமாக மழித்துவிட்டார். துவக்கு குத்துவிளக்குப்போல மின்னியது.

ஏலக் கம்பனியில் மதிப்பீடு செய்த அம்மையார் அதைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தேய்ப்பதற்கு முன் எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்டார். ஃபோனில் இருந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்தவரின் முகம் மலர்ந்தது. அந்தக் கிறுக்கல் துவக்கைச் செய்தவரின் கையெழுத்தாம். பித்தளையின் கறுப்புதான் வயதுக்குச் சாட்சியாம். அப்படியே கொண்டுவந்திருந்தால் பன்னிரண்டாயிரம் பவுண். இப்போது நூற்றைம்பது, அதுவும் சுவரில் மாட்ட யாராவது ஆசைப்பட்டால்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தார் பத்மநாதன்.

“அது கிடக்கட்டும்,” என்றார் சிவகௌரி. “பளிச்செண்டு இருக்குதெண்டு ஒரு வார்த்தை சொன்னவவோ?”