மாரிசோலின் வியாழக்கிழமைகள்

டிரென்ட் வெசல் கையைத் தூக்காமல் பீட்சா தின்றுகொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"மாரிசோல் ஆர்மென்டாவை உறுப்பினராகச் சேர்க்க சம்மதம் உள்ளவங்க கை தூக்குங்க" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். எங்கள் கணக்கியல் கௌரவ மன்றத்தின் நிர்வாகக் குழுவில் தலைவியான என்னை விட்டால் நான்கு பேர். செயலாளர் நகத்தைப் பார்த்தாள். பொருளாளர் கூரையைப் பார்த்தான். சேவைப் பிரிவுக்காரன் போனைத் தடவினான். துணைத் தலைவன் டிரென்ட் இன்னொரு துண்டு பீட்சாவை எடுத்தான். ஒரு கைகூட எழும்பவில்லை.

இதற்கு இரண்டு நிமிடம் முன்னால்தான் கூப்பர் என்கிற பையனுக்கு நான்கு கையும் எழும்பியிருந்தது.

எங்கள் மன்றத்தில் மார்க் இருந்தால் மட்டும் சேர்ந்துவிட முடியாது. ஒரு பருவம் முழுக்கப் புகுமுகமாக, அதாவது சேரக் காத்திருக்கும் ஆளாகத் திரிய வேண்டும். ஆடிட் கம்பெனிக்காரர்கள் வந்து பேசும் கூட்டங்களுக்குக் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வர வேண்டும். பேர் அட்டையை வலது மார்பில்தான் குத்த வேண்டும். கை குலுக்கும்போது கம்பெனிக்காரரின் கண் கை வழியாக ஏறி நேரே பேரில் போய் நிற்குமாம். ஆறு மணிக்குக் கதவைச் சாத்துவோம். ஆறு மணி ஒரு நிமிடத்துக்கு வந்தவன் வராதவன். இது தவிர ஊர்ச் சேவைக்கு இத்தனை மணி நேரம் என்று உண்டு. எல்லாம் தேறினால் தங்க நிற பேட்ஜ். பேட்ஜ் இருந்தால் ஏப்ரல் மாத இன்டர்வியூக்களில் உட்காரலாம். இல்லாதவர்கள் பேரைக் கம்பெனிகள் பார்ப்பதுகூட இல்லை. நெப்ராஸ்காவில் எங்கள் பக்கத்தில் வேறு வழியாக ஒரு பெரிய கம்பெனிக்குள் நுழைந்தவர் யாரையும் எனக்குத் தெரியாது.

மாரிசோல் ஒரே ஒரு கம்பெனிக் கூட்டத்துக்கு வரவில்லை. அதுதான் அவள் செய்த குற்றம்.

"டிரென்ட், அந்தக் கூட்டத்தன்னிக்கு அவ எங்க இருந்தா?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்படித் தெரியும்? கூட்டத்துல இல்ல. அது தெரியும்."

"பொய் சொல்லாதடா. செவ்வாய்க்கிழமை இருந்த கூட்டத்தை நீதான் வியாழனுக்கு மாத்தினே. ஸ்பான்சர் கம்பெனி ஆளுக்கு அதுதான் தோதுன்னு. வியாழக்கிழமைன்னா நூலகத்துல இலவச வரி முகாம் இருக்கேன்னு அவ கேட்டப்ப, 'நீ முகாமைப் பாத்துக்கோ, உன் வருகையை நான் போட்டுடறேன்'னு சொன்னது யாரு? இதே அறையில, இதே நாற்காலியில உக்காந்து சொன்னே. நாங்க எல்லாரும் காதுல பஞ்சா வச்சிருந்தோம்?"

"பாக்கறேன்னு சொன்னேன். பாத்தேன். விதி இடம் குடுக்கல."

"கூப்பரும்தான் அன்னிக்கு வரல. அவனுக்கு மட்டும் இடம் குடுத்துச்சா?"

"அவன் கம்பெனி பார்ட்னரோட கோல்ஃப் ஆடினான், டெஸ்ஸா. அது தொழில்முறைப் பயிற்சி."

பிப்ரவரிப் பனியில் கோல்ஃப்! மால் ஒன்றின் மாடியில் திரையைப் பார்த்துப் பந்தை அடிக்கிற இடத்தில் இரண்டு பேரும் பீர் குடித்திருக்கிறார்கள். அது தொழில். அதே நேரத்தில் ஒரு பெண், இறைச்சித் தொழிற்சாலையில் மாடு வெட்டுகிறவர்களுக்கு அவர்களுடைய ஸ்பானிய மொழியிலேயே பேசி, வரிக் கணக்கு போட்டுத் தாக்கல் செய்துகொண்டிருந்தாள். அது சேவை மட்டும்தானாம். கணக்குப் படிக்கிற கூட்டம் கணக்குப் போடுவதைத் தொழில் இல்லை என்கிறது. இந்த வயிற்றெரிச்சலை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

பேராசிரியர் ஹேகனிடம் போனேன். அவர்தான் மன்றத்தின் ஆலோசகர். அவர் அறையில் எங்கள் மன்றம் வருஷா வருஷம் வாங்கிய ஷீல்டுகள் சுவர் தெரியாமல் தொங்குகின்றன. இந்த வருஷத்துக்கு ஒரு ஆணியும் அடித்தாயிற்று.

"இங்க பாரும்மா டெஸ்ஸா" என்றார், நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு. "உன் கோபம் எனக்குப் புரியுது. நல்ல பொண்ணுதான் அவ. ஆனா குழு முடிவு எடுத்துடுச்சு. நான் தலையிட்டா நல்லா இருக்காது."

"கூட்டத்தை வியாழனுக்கு மாத்த டிரென்டுக்குச் சரி சொன்னப்ப மட்டும் தலையிட்டீங்களே சார்."

"அது ஸ்பான்சர். அது வேற."

எல்லாமே இவர்களுக்கு வேற.

அவர் மேசைமேல் தலைமையகத்துக்கு அனுப்ப வேண்டிய ஆண்டறிக்கை திறந்து கிடந்தது. தலைவி என்ற முறையில் நான் பார்த்து அனுப்ப வேண்டியது. சேவை மணி நேரம் என்ற இடத்தில் வழக்கம்போல் கொழுத்த எண் ஒன்று. அதில் பாதிக்கு மேல் மாரிசோலுடையது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த எண் இல்லாவிட்டால் தலைமையகம் தரும் முதல் தரம் கிடையாது. முதல் தரம் இல்லாவிட்டால் ஷீல்டும் கிடையாது.

"சார், உறுப்பினர்களும் புகுமுகங்களும் செஞ்ச சேவையைத்தான் இதுல காட்டணும், இல்லையா?"

"ஆமா. அதுல என்ன சந்தேகம்?"

"மாரிசோல் ரெண்டும் இல்ல. நேத்து தள்ளிட்டோம். அவ மணியை எடுத்துட்டு அனுப்பறேன்."

ஹேகன் கண்ணாடியைக் கழற்றினார். "செஞ்சப்ப அவ புகுமுகமாத்தானே இருந்தா?"

"அப்போ முகாம்ல இருந்தப்பவும் நம்ம வேலைக்குத்தான் இருந்தா. அவ உழைப்பு மட்டும் நம்மளுது, அவ நம்மளவ இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. ரெண்டையும் எழுதி அனுப்ப என் கை வராது."

"நீ மிரட்டறியா?"

"ஆமா சார்."

அவர் முகம் காது வரைக்கும் சிவந்தது. அன்று மாலையே குழு மறுபடி கூடியது. நான் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் நான்கு கையும் மேலே போய்விட்டது. டிரென்டின் கைதான் முதலில். வெட்கம் கெட்டவன்.

மறுநாள் மாணவர் கேண்டீனில் மாரிசோலைப் பிடித்தேன். என்னைவிட மூன்று வயது மூத்தவள். பாதி நாள் ஒரு கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவள். கையில் காபி, மடியில் புத்தகம், காலடியில் வேலைக்குப் போடும் பூட்ஸ். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"கை தூக்கினது எனக்கா, ஷீல்டுக்கா?" என்று கேட்டாள்.

"ஷீல்டுக்கு."

"பரவால்ல, உண்மையைச் சொல்றே." காபியை ஒரு மடக்கு குடித்தாள். "ரோஷம் எல்லாம் எனக்கும் உண்டு, டெஸ்ஸா. போங்கடா நீங்களும் உங்க பேட்ஜும்னு சொல்ல ஆசையாத்தான் இருக்கு. ஆனா எனக்கு அந்த இன்டர்வியூ வேணும். எங்கப்பாவுக்கு ரெண்டு மணிக்கட்டும் போச்சு. கத்தி புடிக்கவே முடியல. நான் வேலைக்குப் போனாத்தான் அவர் அந்த இறைச்சித் தொழிற்சாலையை விட்டு வெளிய வர முடியும். பேட்ஜ் குத்தற விழா என்னிக்கு?"

சொல்ல வாயெடுத்தேன். நாள் நினைவுக்கு வந்ததும் குனிந்து அவள் பூட்ஸைப் பார்த்தேன்.

"என்னிக்கு?"

"அடுத்த வாரம். வியாழக்கிழமை."

அவள் சிரித்தாள். அது சிரிப்பே இல்லை. "வரித் தாக்கல் கெடுவுக்கு முன்னாடி கடைசி வியாழன். யார் வச்சது?"

"மண்டபத்தை டிரென்ட் புக் பண்ணினான்."

"அன்னிக்கு வாசல் வரைக்கும் வரிசை நிக்கும். எனக்குப் பதிலா யாரை உக்கார வைக்க? எல்லாரும் உங்க விழாவுல கோழி தின்னுட்டு இருப்பீங்க."

விழாவுக்கு வராதவர்கள் உறுப்பினர் இல்லை. வரிசையில் நிற்கிறவர்களை விட்டுவிட்டு அவள் வரமாட்டாள். அடுத்த திங்கள் இன்டர்வியூ தொடங்குகிறது. நான் ஹேகனுக்கு மூன்று முறை போன் செய்தேன். "கம்பெனிகள் எல்லாம் வர்றதா சொல்லியாச்சும்மா" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. டிரென்டிடம் போய்க் கத்தினேன். "நான் வேணும்னா வச்சேன்? வேற நாள் மண்டபம் கிடைக்கல. வியாழக்கிழமைன்னா அவளுக்கு மட்டும் ராசியில்ல போல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

விழா நாளும் வந்தது. வட்ட மேசைகள், வெள்ளை விரிப்பு, மேசைக்கு ஒரு கம்பெனி. மேடைக்குக் கீழே புகுமுகங்களுக்கு ஒரு வரிசை நாற்காலி. ஒன்று மட்டும் காலி. அந்த நாற்காலியில் நானே மாரிசோலின் பேர் எழுதிய அட்டையை வைத்திருந்தேன்.

சாப்பாடு முடிந்து உறுதிமொழி சொல்லி பேட்ஜ் குத்தி முடித்தோம். கூப்பர் என் கையைக் குலுக்கியபோது பேர் அட்டை வலது மார்பில் மிகச் சரியாக இருந்தது. பிறகு ஹேகன் என் காதில், "அந்தச் சேவை மணி எண்ணைச் சொல்லும்மா. கம்பெனிக்காரங்க சந்தோஷப்படுவாங்க" என்றார்.

மைக்கில் சொன்னேன். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே டிரென்ட் குனிந்து வந்து, காலி நாற்காலியைத் தூக்கி ஓரமாக வைத்தான். என் பார்வையைப் பார்த்து, "ஃபோட்டோல பல்லு போன பொக்கை வாய் மாதிரி தெரியும், அதான்" என்றான். அட்டை கீழே விழுந்தது. அவன் எடுக்கவில்லை.

நான் மைக்கை விட்டு நகரவில்லை.

"ஒரு நிமிஷம்" என்றேன் மைக்கில். "நீங்க இப்ப கை தட்டின மணி நேரத்துல பாதிக்கு மேல ஒரே ஒரு பொண்ணோடது. பேரு மாரிசோல் ஆர்மென்டா. அவ இப்ப ரெண்டு தெரு தள்ளி நூலகத்துல அதே வேலையைப் பாத்துட்டிருக்கா. நாங்க அவளைச் சேக்க மாட்டோம்னு சொன்னோம். எண்ணு குறையும்னு தெரிஞ்சதும் சேத்துக்கிட்டோம். அவளால வர முடியாத நாளாப் பாத்து விழா வச்சோம். அவ நாற்காலியை இப்பதான், உங்க கைதட்டலுக்கு நடுவுல தூக்கி ஓரமா வச்சாங்க. நல்லாத் தட்டுங்க. வெக்கமா இல்ல நமக்கு?"

ஒரு கரண்டி விழுகிற சத்தம் கேட்டது. ஹேகன், "டெஸ்ஸா!" என்றார். மிச்சமிருந்த ஒரு பேட்ஜையும் உறுப்பினர் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். உறுதிமொழியைத் தலைவி முன்னால் சொல்ல வேண்டும் என்றுதான் மன்றத்தின் சட்டத்தில் இருக்கிறது. மண்டபமும் கோழியும் கம்பெனிகளும் நாங்களாகச் சேர்த்துக்கொண்டவை.

குதிகால் செருப்போடு அந்த இரண்டு தெருவையும் எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. வெற்றி பெற்றவளைப் போலத்தான் நூலகத்துக்குள் நுழைந்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

உள்ளே ஈரக் கோட்டு வாடை. நாற்காலி போதாமல் ஆட்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஷிப்ட் முடிந்து ரப்பர் பூட்ஸோடே வந்தவர்கள், மடியில் தூங்குகிற குழந்தைகளோடு பெண்கள். ஒரே ஒரு மேசையில் மாரிசோல். பக்கத்தில் மூன்று கம்ப்யூட்டர்கள், ஆள் இல்லாமல்.

"மாரிசோல்!" என்று பேட்ஜை உயர்த்திக் காட்டினேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "டோக்கன் எடுத்துட்டு உக்காரு. எல்லாரும் காத்திருக்காங்க."

எடுத்தேன். கறுப்புக் கோட்டோடு தரையில் உட்கார்ந்தேன். எனக்கு அடுத்த டோக்கன் எடுத்தவர் வந்தார், கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன். அவர் விரல்கள் மடங்கவே இல்லை. டோக்கனை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துப் பிடித்திருந்தார்.

என் முறை வந்தது. உறுதிமொழியை நான் வரி வரியாகச் சொல்ல, அவள் முன்னால் போனவரின் தாள்களை அடுக்கிக்கொண்டே திருப்பிச் சொன்னாள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். பேட்ஜை அவளுடைய பழைய பனியன் மேல் குத்தினேன்.

"இப்ப நான் உறுப்பினரா?"

"ஆமா. திங்கக்கிழமை நீ இன்டர்வியூக்குப் போறே. எவன் தடுக்கறான் பாக்கறேன்! அங்க மைக்குல நான் கத்தின கத்துல…"

"கத்தினியா? நல்லது." முதன்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது. "அப்போ உறுப்பினரா ஒண்ணு கேக்கறேன். எனக்காக டிரென்ட்கிட்ட சண்டை போட்டே, ஹேகன்கிட்ட சண்டை போட்டே, இப்ப ஊரையே கூட்டிக் கத்திட்டு வந்திருக்கே. ஜனவரியில நீயும்தானே என்கூட உக்காந்து முகாம்ல கணக்கு போடறதுக்கான அந்த வரிப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினே? ஒரு வியாழக்கிழமை, ஒரே ஒரு வியாழக்கிழமை இங்க வந்தியாடி நீ?"

கோபம் முழுக்க என்னிடம்தான் இருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கோட்டைக் கழட்டி அங்க மாட்டு" என்றாள். "கடைசி கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவா வரும், திட்டாதே."

கழற்றி மாட்டினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் கற்றுக்கொடுத்த இரண்டே ஸ்பானிய வார்த்தையில், அடுத்தது யார் என்று கேட்டேன். விரல் மடங்காத அந்த மனிதர் எழுந்து வந்தார்.