‘நான் பாத்துக்கறேன்’ தப்பான விடை

1

இந்தக் கதை என் மனைவி பி.எம்.பி. என்கிற ப்ராஜெக்ட் மேனேஜர் பரீட்சையில் முதல் முறை தோற்ற அன்று பிறந்தது. தோற்றது அவள், கதை கிடைத்தது எனக்கு. எழுதுகிறவனைக் கட்டிக்கொண்டால் வீட்டில் இப்படித்தான் நடக்கும்.

கதையில் அவள் பெயர் கோகிலவாணி. (நிஜப் பெயர் வேறு. “கோகிலவாணின்னு வெச்சா பாடத் தெரிஞ்சவள்னு நினைச்சுப்பாங்க” என்று ஆட்சேபித்தாள். பெயர் வைத்தாயிற்று. பாட வைக்கவில்லை.)

2

முதல் தொடக்கம்: ‘குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்த கோகிலவாணியின் கண்களில் ஒரு’

ஒரு என்ன? அந்த நேரத்தில் அவள் கண்ணில் தூக்கம்தான் இருக்கும். அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: ‘திட்ட மேலாண்மை என்பது’

இது கட்டுரை. வேண்டாம்.

நேராகவே சொல்கிறேன். கோகிலவாணி சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டீம் லீட். பல வருஷமாக ப்ராஜெக்ட்டுகளை அவள்தான் இழுத்துக்கொண்டு போகிறாள், மேனேஜர் என்ற பெயர் மட்டும் வரவில்லை. இந்தப் பரீட்சையில் பாஸானால்தான் மேனேஜர் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அவள் வேலை கற்றுக்கொடுத்த விக்கி அதை எழுதிப் பாஸாகி, இப்போது அவளுக்கே மேனேஜர். இன்னும் ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுகிறான். நல்லவன். அதுதான் பேஜார். கெட்டவனாக இருந்தால் எனக்குக் கதை சுலபமாக நகர்ந்திருக்கும்.

3

பரீட்சையில் ஒரு சிக்கலைச் சொல்லி, ‘ப்ராஜெக்ட் மேனேஜர் அடுத்து என்ன செய்ய வேண்டும்?’ என்று கேட்பார்கள். கீழே நான்கு விடைகள். வீட்டில் பயிற்சி செய்தபோது வந்த கேள்வி: டீமில் ஒருவர் வேலையை முடிக்கவில்லை, நாளை கொடுத்தாக வேண்டும். கோகிலவாணி யோசிக்காமல் தேர்ந்தெடுத்தது, ‘மேனேஜர் தானே உட்கார்ந்து முடிப்பார்.’

“தப்புன்னு போட்டிருக்கு,” என்றேன்.

“வேலை முடிஞ்சிடுச்சில்ல? அப்புறம் இன்னா தப்பு?” (பிறந்தது பழைய தாம்பரம். கோபம் வந்தால் ‘என்ன’ போய் ‘இன்னா’ வந்துவிடும்.)

சரியான விடை, அந்த ஆளிடம் பேசி, எங்கே தடை என்று கேட்டு, அவரையே முடிக்க வைப்பது. அவளுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. எந்தச் சிக்கல் வந்தாலும் அவள் சொல்வது ஒன்றுதான்: “நான் பாத்துக்கறேன்.”*

* இந்த இரண்டு வார்த்தைகளை நம்பித்தான் எங்கள் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வருகிறது. பொத்தேரி ஹாஸ்டலில் இருக்கும் மகள் ஸ்ம்ருதிக்குக் கண்ணாடி மாறுகிறது. நான் கதை எழுதுகிறேன்.

4

இரண்டாம் முறை பரீட்சை ஒரு சனிக்கிழமை காலை. இதுவும் போனால் இனி எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விக்கி போன் செய்தான்.

“அக்கா, க்ளையண்ட் திடீர்னு ரிப்போர்ட்டை மாத்தச் சொல்றாங்க. நாளைக்குக் காலைல டெமோ. உங்கள விட்டா வேற யாரும் இல்லக்கா.”

மறுநாள் பரீட்சை என்று தெரிந்தே கேட்பானா? இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம். (முதல் வரைவில் அவனைச் சுயநலக்காரனாக்கியிருந்தேன். அவள் படித்துவிட்டு, “அவன் பயந்துட்டான், அவ்வளவுதான். ஒழுங்கா எழுதுங்க” என்றாள்.) சரி, பயந்துவிட்டான்.

“நான்...” என்று ஆரம்பித்தாள். சட்னி அரைத்துக்கொண்டிருந்த நான் மிக்ஸியை நிறுத்தினேன்.

“நான் நாளைக்குப் பரீட்சை எழுதறேன்டா. அதை நம்ம டீம்ல இருக்கற தமிழினிகிட்ட குடு. அவளுக்குத் தெரியும். இதுவரைக்கும் யாரும் அவகிட்ட கேட்டதில்ல. நானே செஞ்சிட்டிருந்தேன்.”

“ஏதாவது சொதப்பிட்டா?”

“க்ளையண்ட்டோட பேசு. நீதான மேனேஜர்.”

போனை வைத்ததும் அழுதாள். என்ன பயம் என்று கேட்டேன். தான் இல்லாமலேயே அந்த டெமோ நன்றாக நடந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றாள். அப்போது அவள்மேல் எனக்கு வந்த பிரியத்தைப் பற்றி மூன்று வரி எழுதினேன். மூன்றும் அசட்டுத்தனமாக இருந்தன.

5

முடிவு ஒன்று: பாஸாகிறாள்.

முடிவு இரண்டு: தோற்கிறாள், ஆனாலும் (‘ஆனாலும்’ போட்டுத் தப்பிக்கும் முடிவுகளை நான் நம்புவதில்லை.)

முடிவு மூன்று: தேர்வு மையத்துக்கு வெளியே காத்திருக்கும் கணவன் அவளைப் பார்த்ததும்

மூன்றையும் அவளிடம் படித்துக் காட்டினேன்.

“என்ன ஆச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியுமே. அதை எழுத வேண்டியதுதான?”

“எழுதினா கதை ரிசல்ட்டைப் பத்தினதா ஆயிடும்.”

“அப்ப படிக்கறவங்ககிட்ட குடுத்துடுங்க.”

“அவங்க கண்டபடி முடிச்சிட்டா?”

விக்கியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

“குடுத்தா குடுத்ததுதாங்க. நடுவுல போய் எட்டிப் பாக்கக் கூடாது. அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி பூரா போனைக் கையில எடுக்காம இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.”

ஆகவே, வாசகரே, இனி உங்கள் பொறுப்பு. சனிக்கிழமை மத்தியானம். மடித்த ரிசல்ட் தாளோடு கோகிலவாணி மையத்தின் படியிறங்கி வருகிறாள். தாளில் இருப்பதை நீங்கள் எழுதுங்கள், நான் எட்டிப் பார்க்க மாட்டேன்.

காலையில் பதற்றத்தில் அவள் ஒன்றுமே சாப்பிடவில்லை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். என்ன எழுதினாலும், முதலில் எங்கேயாவது உட்கார வைத்து அவளுக்கு டிபன் வாங்கிக் கொடுங்கள்.