கொசுறாகக் கிடைத்த உயிர்

1954-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் ஓர் உயிரின் விலை பூஜ்யம். முப்பது வெள்ளிக்கு இரண்டு உயில் எழுதிக்கொண்டவர்களுக்கு அது கொசுறாகவே கிடைத்தது. வாங்கியவர்கள் பஃபலோ ரோட்டில் மளிகைக்கடை வைத்திருந்த மருதப்பனும் அவர் மனைவி ரத்தினம்மாவும். பிள்ளைகள் இல்லை. யார் முந்திப் போனாலும் எல்லாம் மற்றவருக்கே என்று ஒரே அச்சில் இரண்டு உயில் எழுதப் போனார்கள். வழக்கறிஞரின் குமாஸ்தா முகம்மது யூசுப், உயிலுக்கு இருபது வீதம் நாற்பது வெள்ளி கேட்டார். “ரெண்டும் ஒரே சரக்குதானே பாய், பேரை மட்டும்தானே மாத்திப் போடப் போறீங்க?” என்று மருதப்பன் பத்து வெள்ளி குறைத்தார். அத்துடன் எழுந்து வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் பத்துக் காசுக்கு மிளகாய் வாங்குகிறவருக்கும் ஒரு கொத்துக் கறிவேப்பிலை போட்டு அனுப்பும் கடை அவர்களுடையது. கொசுறு இல்லாமல் வாங்கிய எதையும் ரத்தினம்மா வாங்கியதாகவே சேர்க்க மாட்டார். “ஒரு சொல்லாவது சேத்துக் குடுங்க லா” என்றார். யூசுப் பாய் சிரித்துக்கொண்டே, கடை, தராசு, கட்டில், சங்கிலி என்று போன வரிசையின் கடைசியில், இரண்டு உயிலிலும், ‘என் உயிரும்’ என்று சேர்த்தார்.

ஐம்பத்தாறில் மிளகாய் மூட்டையை இறக்கும்போது மருதப்பனின் நெஞ்சு நின்றது. அஸ்தியைக் கடலில் கரைத்ததும் உயில் அமலுக்கு வந்தது. கடையும் தராசும் ரத்தினம்மாவுக்கு வந்தன. கூடவே கணவரின் குறட்டையும் மூட்டுவலியும் வந்தன. இது முப்பது வருடம் மூட்டை சுமந்த ஆணின் மூட்டு என்று சொன்ன டாக்டர், இறந்தவருக்கும் சேர்த்துக் கட்டணம் கேட்டார். ரத்தினம்மா பேசி ஒன்றரை ஆள் கணக்கில் முடித்தார். வியாபாரம் குறையவில்லை. ஆனால் என்ன விலை சொன்னாலும் “அதிகம்” என்று மறுத்துப் பேச வீட்டில் ஆளில்லை. ஐந்து வருடம் கட்டிலில் பாதியை விட்டே படுத்தார்.

அறுபத்தொன்றில் ரத்தினம்மா காய்ச்சலில் போனார். அவர் உயிலின்படி எல்லாம் மருதப்பனுக்கு. அஸ்தி கரைத்த மறுநாள் காலை மருதப்பன் வந்து கடைப் பலகைகளைக் கழற்றினார். வேட்டி ஓரம் ஈரமாக இருந்தது, கடலுப்பு பூத்திருந்தது. வாடிக்கையாளர்கள் முதலில் கேட்டது, பழைய விலைக்கே கொடுப்பாரா என்றுதான். கொடுக்கவில்லை. சிரிக்க வாயைத் திறந்தால் மனைவியின் சிரிப்பு வந்தது. அதனால் சிரிப்பதை விட்டுவிட்டார். யோசித்துப் பார்த்ததில் விஷயம் விளங்கியது. இருவருக்கும் சேர்த்து இருப்பது ஓர் உயிர்தான். அது கைமாறிக்கொண்டே இருக்கும். ஒருவர் கடையில் நிற்க, ஒருவர் கடலில் கிடக்க வேண்டும். ஒரே கட்டிலில் இருவரும் படுக்க அந்த உயில்களில் வழியே இல்லை.

யூசுப் பாயிடம் போனார். “உங்க கொசுறை நீங்களே எடுத்துக்குங்க பாய்.”

“விற்ற சரக்கைத் திருப்பி வாங்குறதில்லைன்னு உங்க கடையிலேயே எழுதித் தொங்குதே அண்ணே.”

“செத்தப்புறம் குடுத்தாத்தானே உயிலு? உயிரோட இருக்கும்போதே பாதியைக் குடுத்துட்டா?”

அதற்குத் தானப் பத்திரம் என்று பெயர் என்றார் பாய். ஆனால் பேனாவைத் தொடவில்லை. “உங்களுக்கு நாப்பது வருஷம் பாக்கி இருந்தா, இருபதாயிடும். நல்லா யோசிச்சுக்குங்க.”

“தனியா நாப்பது வருஷத்தை வச்சுக்கிட்டு நான் யாருகிட்ட பேரம் பேசுறது?”

கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பியபோது கடையில் ரத்தினம்மா நின்றிருந்தார். சேலை ஓரத்தில் உப்பு. “ஏங்க, தராசை யாரு இந்தப் பக்கம் வச்சது? அஞ்சு வருஷமா இடம் பழகி வச்சிருந்தேன்!” மருதப்பன் சிரித்தார், அவருடைய சொந்தச் சிரிப்பே வந்தது.

அதன்பின் அவர் மூச்சை இழுப்பார், இவர் விடுவார். தும்மல் வந்தால் இருவரும் ஒரே நேரத்தில் வேலையை நிறுத்துவார்கள். வாடிக்கையாளர்கள் காத்திருக்கப் பழகிக்கொண்டார்கள். மூட்டுவலியை மட்டும் அது உன் பங்கு, உங்கள் பங்கு என்று தள்ளிவிட்டார்கள். அறுபத்து மூன்றில் மலேசியாவோடு சேர்ந்த நாடு அறுபத்தைந்தில் பிரிந்து வந்தபோது, சேரும்போது தலைவர்கள் கொசுறு கேட்காமல் கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்று ரத்தினம்மா சொன்னார். மிளகாய் விலை அதற்குப் பிறகும் ஏறியது. இருவரும் அதைப் பற்றித் தினமும் சண்டை போட்டார்கள்.

பத்திரக் கூலி ஐந்து வெள்ளி. அரை ஆளுக்கு அரைக் கூலிதான் என்று மருதப்பன் இரண்டரை கொடுத்தார். மீதியைக் கேட்கப் பாய் போகும்போதெல்லாம் ரத்தினம்மா, “அவரு குடுத்திருப்பாரே பாய்” என்று ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கையில் திணித்து அனுப்புவார். அறுபத்தெட்டில் ஓய்வு பெறும்போது யூசுப் பாய் எழுதி வைத்த கணக்கு: தானப் பத்திரம் ஒன்றுக்கு ஐந்து வெள்ளி. வரவு இரண்டரை. பாக்கி இரண்டரை, கறிவேப்பிலை நீங்கலாக.