பச்சை பிடிக்காத பைகள்

பத்மாதேவி என் வகுப்பில் வந்து சேர்ந்தபோது அவருக்கு நாற்பத்துநான்கு வயது. எனக்கு முப்பத்திரண்டு. படிப்பித்தவள் நான்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு அது. கட்டுகலையில் ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்கம் எங்கள் பயிற்சி நிலையம் இருந்தது. கண்டி டவுனில் காணி ஏது? ஒரு முற்றமோ மொட்டை மாடியோ உள்ளவர்கள் அதிலேயே எதையாவது வளர்த்து, விற்று, சொந்தக் காலில் நிற்க வேண்டும். அதைச் சொல்லிக் கொடுப்பதுதான் என் வேலை. தச்சுப் பட்டறைக்காரர்கள் கழித்துவிடும் மரத்தூளைப் பையில் அடைத்துக் காளான் வளர்ப்போம். காளான் எடுத்து முடிந்த பைகளை உக்கவைத்தால் பசளை. அந்தப் பசளையில் வல்லாரையும் பொன்னாங்காணியும். கடைசி மாதம் வியாபாரப் பாடம்: கடைக்காரரிடம் எப்படிப் பேசுவது, சொன்ன நாளில் சொன்ன சரக்கை எப்படிக் கொடுப்பது.

அந்தப் பாடத்தை செசிலியா டீச்சர் மாதிரி நடத்த ஆளில்லை என்று என்னைச் சொல்வார்கள். ஆனால் நான் ஒரு நாளும் வியாபாரம் செய்ததில்லை. செய்யப் பார்த்தேன். டிப்ளோமா முடித்த வருசம், மஹய்யாவையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்பா தகரத்தையும் சாக்கையும் வைத்து ஒரு கொட்டகை போட்டுத் தந்தார். முந்நூறு பை கட்டினேன். மூன்றாவது வாரம் ஒரு பையில் பச்சைப் பூஞ்சணம். அடுத்த வாரம் முந்நூறிலும். அப்பா முனிசிபாலிட்டியில் வேலை செய்தவர். குப்பை வண்டியைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் தானே ஏற்றிக்கொண்டு போனார். அந்தக் கதையை நான் எந்த மாணவரிடமும் சொன்னதில்லை.

பத்மா அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். கணவர் திருச்செல்வம் அரசாங்க நில அளவையாளர். அப்போது வவுனியாவில் வேலை. பன்னிரண்டு வயது மகளோடு முல்கம்பொலையில் ஒரு சிங்களக் குடும்பத்தின் வீட்டுப் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தார். வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் வந்து முதல் கதிரையில் உட்காருவார். நான் வாய் திறந்ததெல்லாம் கொப்பியில் ஏறிவிடும்.

ஒரு நாள் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்: "ரீச்சர், நீங்கள் வீட்டிலை எத்தினை பை வைச்சிருந்தனீங்கள்?"

"ஐந்நூறு" என்றேன்.

"பச்சை பிடிக்கேல்லையோ?"

"இல்ல."

"அப்ப நாங்கள் குடுத்து வைச்சனாங்கள்" என்று மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு கள்ளமும் இல்லை. இருந்தும் அன்றைக்கே எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது.

மூன்றாம் மாதம் ஆளுக்கு இருபது பை, வீட்டில் வைத்து வளர்க்க. ஒவ்வொருவருக்கும் நாலைந்து பை பச்சை பிடித்தது. பத்மா அக்காவின் இருபதும் பால் போல் வெளுத்து நின்றன. எப்படி என்று பார்க்க முல்கம்பொலைக்குப் போனேன். மாணவரின் இடத்தைப் பார்க்கப் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பின்வளவில் பைகள் வைத்த கொட்டகைக்கென்று தனியாக ஒரு சோடிச் செருப்பு. வாசலில் சுண்ணாம்புத் தண்ணீர்த் தட்டு. பீப்பாவில் அவித்த பைகளை அவர் அவசரப்பட்டுத் திறப்பதில்லை, முழுக்க ஆறவிடுகிறார். வித்துப் போடும்போது மகளைக்கூட உள்ளே விடுவதில்லை. எல்லாம் நான் கரும்பலகையில் எழுதிக் கொடுத்தவை. என் முந்நூறு பைகளுக்கு நான் செய்யாமல் விட்டவை.

திரும்பி வரும் வழியெல்லாம் நெஞ்சு எரிந்தது. அந்தப் பைகளில் ஒன்றாவது பச்சை பிடிக்காதா என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமில்லை, ஆசைப்பட்டேன்.

அதற்குப் பிறகு மாணவர்கள் சந்தேகத்தை அவரிடம் கேட்கத் தொடங்கினார்கள். நான் மேசையில் இருக்கும்போதே, "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று பையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். மாக்கெட்டில் மரக்கறிக் கடை வைத்திருந்த மக்கீன் நானாதான் எங்கள் காளானை எடுப்பவர். அவரும் சொன்னார்: "டீச்சர், அந்த யாழ்ப்பாணத்து அம்மாட காளான மட்டும் வேறயா கட்டித் தாங்க. ஹோட்டல்காரங்க அதத்தான் கேக்குறாங்க."

"எல்லாம் ஒரே காளான்தான் நானா."

"இல்ல டீச்சர். கைய வச்சாலே தெரியும்."

பயிற்சி முடிந்ததும் பத்மா அக்கா நானூறு பையோடு சொந்தமாகத் தொடங்கினார். முதல் அறுவடையில் ஒரு கூடை எனக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நான் அதைச் சமைக்கவில்லை. பக்கத்து வீட்டு நல்லம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன்.

தொண்ணூற்றெட்டு ஜனவரியில், புத்தரின் புனிதப் பல் இருக்கும் மாளிகையில் குண்டு வெடித்தது. டவுன் முழுக்கக் கண்ணாடி உடைந்து கிடந்தது. மஹய்யாவையில் நாங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தோம். பிறகு சோதனைகள் தொடங்கின. அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம் உள்ளவர்களுக்குத்தான் அதிகம்.

பெப்ரவரியில் ஒரு பகல், நிலையத்தில் நான் மட்டும் இருந்தபோது டெலிபோன் அடித்தது. பொலிஸிலிருந்து ஒரு சார்ஜன்ட். சிங்களத்தில் பேசினார், மரியாதையாகத்தான். முல்கம்பொலையில் ஒரு வீட்டில் வெள்ளைத் தூள் போத்தல்கள், தெர்மோமீட்டர், ஸ்பிரிட் விளக்கு, ஒரு பெரிய பீப்பா எல்லாம் கிடைத்திருக்கின்றன. எல்லாம் காளானுக்கு என்று அந்தப் பெண் சொல்கிறாள். உங்களிடம் படித்தவளாமே, உண்மையா?

தூள் என்னவென்று எனக்குத் தெரியும். ஒன்று சுண்ணாம்பு. மற்றது மெக்னீசியம் சல்பேட்டு, பத்துக் கிலோ மரத்தூளுக்கு இருபது கிராம். அளவு சொல்லிக் கொடுத்தவளே நான். 'ஆமாம் மாத்தயா, இதோ வாறேன்' என்று சொல்ல ஒரு நொடி போதும்.

"எங்கிட்டப் படிச்சவங்கதான்" என்றேன் சிங்களத்தில். "ஆனா இப்ப வீட்டுல என்ன வச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியாது."

"அப்படியென்றால் உங்களால் பொறுப்புச் சொல்ல முடியாது?"

"டைரக்டர் நாளைக்குத்தான் வருவார். கடிதம் வாங்கிட்டு வாறேன்."

அவர் டெலிபோனை வைத்துவிட்டார். நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அதை வைத்தே அன்று முழுக்க என்னைச் சமாதானப்படுத்தினேன். நானும் தமிழச்சிதானே, எனக்கும் பயம் இருக்காதா என்றும் நினைத்தேன். பயம் இருந்தது உண்மை. ஆனால் டெலிபோனை வைத்த கையோடு, இனி மக்கீன் நானா யாரிடம் காளான் எடுப்பார் என்று ஒரு நினைப்பு வந்தது. அது பயந்தவளின் நினைப்பு இல்லை.

மறுநாள் காலை மக்கீன் நானாவே நிலையத்துக்கு வந்தார். "அம்மாட காளான் வரல்ல. ஆள் அனுப்பிப் பாத்தா, பொலிஸ் கூட்டிட்டுப் போயிட்டாம். ஒங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"தெரியும்" என்றேன்.

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். "எழும்புங்க, போவம்" என்றார். டைரக்டரின் கடிதத்துக்கு நாங்கள் காத்திருக்கவில்லை.

சார்ஜன்ட் மேசையில் போத்தல்களை வரிசையாக வைத்திருந்தார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். மெக்னீசியம் சல்பேட்டுக்கு வந்தபோது அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு சிட்டிகை எடுத்து என் நாக்கில் போட்டுக் காட்டினேன். "கசக்கும் மாத்தயா. வயிறு கழுவ மருந்துக் கடையில கொடுக்கிற உப்பு இதுதான்." பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் சிரித்துவிட்டான். மக்கீன் நானா தன் கடை விலாசத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார். விடுவதற்குப் பின்னேரமாகிவிட்டது.

பத்மா அக்கா முதல் நாள் உடுத்திய சேலையோடு வெளியே வந்தார். அவரை அனுப்பும்போது சார்ஜன்ட் சொன்னார்: "இந்த மிஸ் இதை நேற்றே டெலிபோனில் சொல்லியிருந்தால் நேற்றே போயிருப்பீர்கள்." பத்மா அக்காவுக்குச் சிங்களம் கொஞ்சம்தான் தெரியும். அந்தக் கொஞ்சம் போதுமாக இருந்தது.

பஸ் தரிப்பில் நின்றோம். மக்கீன் நானா தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"நேற்று உங்களுக்கு ஃபோன் பண்ணினவையோ, ரீச்சர்?"

"ஆமாக்கா."

"பயந்திட்டியள் போல."

அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார். தலையை ஆட்டிவிட்டு அதற்குள் நுழைந்திருக்கலாம்.

"பயம் மட்டும் இல்லக்கா" என்றேன். "ஒங்க பைய பாத்து எனக்குப் பொறாம. நான் ஐந்நூறு பை வச்சேன்னு சொன்னது பொய். முந்நூறுதான். அத்தனையும் பச்ச புடிச்சிப் போச்சு."

அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்ர பிள்ளை ராத்திரி முழுக்க வீட்டுக்கார அம்மாவோடை அழுதுகொண்டு இருந்திருக்கும்" என்றார். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

சோதனைக்கு வந்தவர்கள் கொட்டகையிலிருந்த பைகளில் பாதியைக் கிழித்துப் பார்த்திருந்தார்கள். மிச்சம் ஒரு வாரத்தில் கெட்டுப் போனது. உதவி செய்யப் போனேன். வாசலில் வைத்தே, "வேண்டாம் ரீச்சர், நான் பாப்பன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நாலு மாதம் கழித்து மக்கீன் நானாவின் கடையில் மறுபடியும் அவர் காளான் வந்தது. முன்னைவிட நல்ல காளான். கடைப் பக்கம் போகும்போதெல்லாம் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். ஒரு குறையாவது கண்ணில் படாதா என்றுதான். இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வெட்கப்பட்டாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அப்படிப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு நாள் அவரே கூடையோடு வந்தார். தப்பிக்க இடமில்லை.

"ரெண்டு ஹோட்டல் கேக்குது" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "என்னால தனியச் செய்யேலாது. உங்கட வகுப்பிலை துப்புரவா வேலை செய்யிற ரெண்டு பேர் இருந்தா அனுப்புங்கோ. பழகிப்போட்டுத் தாங்களாத் தொடங்கட்டும்."

"நான் வேணும்னா..." என்று தொடங்கினேன்.

"நீங்கள் வேண்டாம் ரீச்சர். பிள்ளையளை அனுப்புங்கோ."

யாரை அனுப்புவது என்று இரண்டு நாள் யோசித்தேன். சுமாரான இரண்டு பேரை அனுப்பலாம் என்ற எண்ணமும் வந்துதான் போனது. கடைசியில் ரபீகாவையும் கம்பளையிலிருந்து வரும் திரேசாவையும் கூப்பிட்டேன். அந்த வருசம் என்னிடம் படித்தவர்களில் அவர்களைவிட நல்லவர்கள் இல்லை. செய்தியைச் சொன்னதும் இருவரும் துள்ளினார்கள். "பத்மா அக்காட்டயா டீச்சர்?" என்று ரபீகா இரண்டு தரம் கேட்டாள்.

திங்கட்கிழமை அவர்கள் கதிரைகள் இரண்டும் காலியாகக் கிடந்தன. மத்தியானம்வரை எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பிறகு எழுந்து, மிச்சமிருந்த ஒன்பது பேரையும் கூட்டிக்கொண்டு மரத்தூள் சலிக்கப் போனேன்.